வெளியூர்ல மிக்ஸ் பண்ண சின்ன ஸ்பீக்கர்: கேட்டவங்களுக்கு பதில்

கச்சேரி ரெக்கார்டிங், டாக்குமென்டரி சவுண்டுன்னு ஊர் ஊரா போயி லாட்ஜ் ரூம்லயே மிக்ஸ (பதிவான குரல், வாத்தியம் எல்லாத்தையும் சரியான அளவுல சேக்குற வேலைய) முடிச்சு அனுப்புறதுதான் என் வேலை, 12 வருசமா இப்படித்தான் ஓடுது. எந்த ஸ்பீக்கர் எடுத்துட்டு போறீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

கோவையிலேருந்து ஒரு தம்பி: அக்கா, என்கிட்ட ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது, பேஸ் சும்மா அதிரும். ட்ராவல்ல இதுலயே மிக்ஸ் பண்ணலாமா?

பண்ணாதீங்க தம்பி. அந்த அதிர்ற பேஸ்தான் பிரச்சனையே. உள்ள இருக்குற டிஎஸ்பி, அதாவது சத்தத்த தானா மாத்துற சிப்பு, சின்ன வால்யூம்ல பேஸ தூக்கி விடும், வால்யூம் ஏத்த ஏத்த கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) தாங்காதுன்னு பேஸ அமுக்கிரும், அப்ப நீங்க கிக் ட்ரம்ம 2 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஏத்தினா அது நிஜமாவே ஏறுச்சா இல்ல ஸ்பீக்கர் அமுக்கிருச்சான்னு உங்களுக்கு தெரியவே தெரியாது. சந்தேகம் இருந்தா வீட்லயே பாருங்க, நல்லா தெரிஞ்ச பாட்டு ஒண்ண மெதுவா வச்சு குரலுக்கும் பேஸுக்கும் உள்ள தூரத்த காதுல வாங்கிக்கிட்டு அப்படியே சத்தம் ஏத்துங்க, அந்த தூரம் மாறுச்சுன்னா அது மிக்ஸுக்கு ஆகாது. அதோட லெஃப்ட் ரைட்டுக்கு நடுவுல ஒரு ஜாண் கூட இருக்காது, பல மாடல் மோனோதான். ப்ளூடூத்ல சத்தம் 100லேருந்து 200 மில்லிசெகண்ட் வரைக்கும் லேட்டா வேற வரும், எடிட் பண்றப்ப கண்ணு ஒரு இடம் காது ஒரு இடம்னு ஆயிரும்.

ஆனா வச்சுக்கோங்க. மிக்ஸ் முடிச்சப்புறம் கடைசியா ஒரு தடவ அதுல போட்டு கேளுங்க, ஏன்னா ஜனங்க கேக்கப்போறது அதுலதான்.

மதுரையிலேருந்து ஒருத்தர்: ஜெனெலெக் 8010 வாங்கலாமா, ஐலவுட் மைக்ரோ மானிட்டர் வாங்கலாமா? ரெண்டு நாளா குழம்பிட்டு இருக்கேன்.

ரெண்டுலயும் பேஸுக்கான வூஃபர் 3 இஞ்ச்தான், ரெண்டுமே பைக்குள்ள அடங்கும், அதுக்கப்புறம் ரெண்டும் வேற வேற ஆளு. 8010 ஃபின்லாந்துல செய்றது, அலுமினியத்த வார்த்த பாடி, முன்னாடி மெட்டல் க்ரில், ஒண்ணு ஒன்றரை கிலோ, பவர் சப்ளை ஸ்பீக்கருக்குள்ளயே இருக்கு, 100 வோல்ட்லேருந்து 240 வோல்ட் வரைக்கும் எந்த நாட்டுலயும் அப்படியே சொருகலாம். எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கு வர்ற மூணு பின் வயர்) இன்புட் மட்டும்தான், அதனால ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப் சத்தத்த அந்த வயருக்கு குடுக்குற பெட்டி) கண்டிப்பா வேணும். ஐலவுட் இத்தாலி கம்பெனியோடது, ப்ளாஸ்டிக் பாடி, ஜோடியே 2 கிலோ கூட வராது, லேப்டாப்லேருந்து சாதா 3.5 எம்எம் வயர்ல குடுத்துரலாம், ஆனா லெஃப்ட் ஸ்பீக்கர்லதான் ஆம்ப் எல்லாம், அங்கேருந்து ஒரு வயர் ரைட்டுக்கு போகும், பவருக்கு தனி அடாப்டர் வேற. அந்த அடாப்டரையும் வயரையும் தொலைச்சா அன்னைக்கு வேலை முடிஞ்சுது, ஸ்பேர் ஒண்ணு பைல போட்டுக்கோங்க.

சத்தத்துல பாத்தா ஐலவுட் பேஸ்ல கொஞ்சம் கீழ இறங்கும், கம்பெனி சொல்றது 55 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தன அதிர்வுன்னு கணக்கு, நம்பர் குறைய குறைய பேஸ்). 8010ல 67 ஹெர்ட்ஸ்லயே சத்தம் 6 டிபி குறைஞ்சிருக்கும். கேட்ட உடனே ஐலவுட்தான் பெருசா தெரியும், ஆனா நான் 8010தான் வச்சிருக்கேன், காரணம் குரல். குரல், வயலின், நாதஸ்வரம் இதெல்லாம் வர்ற நடுப்பகுதி அதுல மறைக்காம தெரியுது, ஒரு டிபி மாத்தினாலும் காது புடிச்சிரும். விலைய பாத்தீங்கன்னா ஜெனெலெக் ஒண்ணு வாங்குற காசுக்கு ஐலவுட் ஜோடியே கிட்டத்தட்ட வந்துரும், அதனால முதல் தடவ வாங்குறவங்களுக்கு ஐலவுட் தப்பே இல்ல. எத வாங்கினாலும் ஒரு மாசம் வீட்ல வச்சு உங்களுக்கு புடிச்ச எல்லா பாட்டையும் அதுலயே கேளுங்க, அந்த ஸ்பீக்கர் எங்க பொய் சொல்லும்னு உங்க காதுக்கு மனப்பாடம் ஆகணும், வெளியூர்ல உங்கள காப்பாத்தப்போறது அதுதான்.

கும்பகோணத்துலேருந்து: லாட்ஜ் ரூம்ல மிக்ஸ் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து கேட்டா எல்லாம் மாறியிருக்கு அக்கா. ஸ்பீக்கர் மாத்தணுமா?

மாத்த வேணாம், இடத்த மாத்துங்க. இதுதான் இன்னைக்கு நான் நெறைய பேசணும்னு நெனச்ச விஷயம்.

நம்ம ஊரு லாட்ஜ் ரூம் எப்படி இருக்கும், கீழ டைல்ஸ், சுத்தி சுவரு, ஒரு கண்ணாடி ஜன்னல், சுவத்தோட ஒட்டி ஒரு சின்ன மேசை. எல்லாரும் அந்த மேசை மேல ஸ்பீக்கர வச்சு சுவத்த பாத்து உக்காந்துருவோம். மேசைப் பலகைல பட்டு திரும்புற சத்தம் 200 ஹெர்ட்ஸ் பக்கத்த ஊதி விட்டுரும், நீங்க குரல் கனமா இருக்குன்னு நெனச்சு அங்க வெட்டுவீங்க, வீட்டுக்கு வந்து கேட்டா குரல் ஒல்லியா நிக்கும். ஜெனெலெக் பின்னாடி டெஸ்க்டாப்னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கு, 200 ஹெர்ட்ஸ்ல 4 டிபி குறைக்கும், ஐலவுட்லயும் டெஸ்க் ஸ்விட்ச் இருக்கு, மேசைல வச்சா அத போடாம இருக்காதீங்க.

அதவிட நல்ல வழி, மேசையே வேணாம். ரெக்கார்டிங்குக்கு எப்படியும் மைக் ஸ்டாண்ட் கொண்டு போவோம்ல, இந்த ரெண்டு ஸ்பீக்கருக்கும் அடில மைக் ஸ்டாண்ட் மரை இருக்கு, திருகி நிறுத்திருங்க. ட்வீட்டர் (கூர்மையான சத்தம் வர்ற குட்டி ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரட்டும், உங்ககிட்டேருந்து 60, 70 சென்டிமீட்டர்ல ரெண்டும் உங்கள பாத்து இருக்கட்டும். தூரம் பாதியாச்சுன்னா ஸ்பீக்கர்லேருந்து நேரா வர்ற சத்தம் 6 டிபி ஏறும், ரூம் சத்தம் அப்படியேதான் இருக்கும், அதாவது கிட்ட உக்கார உக்கார ரூம் காணாம போயிரும்.

அப்புறம் பின் சுவரு. சுவத்துல பட்டு திரும்பி வர்ற சத்தம் நேர் சத்தத்தோட மோதி ஒரு இடத்துல குழி விழும், ஸ்பீக்கருக்கும் சுவத்துக்கும் 50 சென்டிமீட்டர் இருந்தா அந்தக் குழி 170 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், ஆம்பளக் குரலும் மிருதங்கத் தொப்பியும் (பேஸ் வர்ற பக்கம்) இருக்குற இடம் அது. ஒரு மீட்டர் தள்ளினா 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கிரும். அதனால ஒண்ணு சுவத்தோட நல்லா ஒட்டி வச்சு பேஸ் குறைக்கிற ஸ்விட்ச போடுங்க, இல்ல ஒரு மீட்டருக்கு மேல வெளிய இழுங்க, நடுவுல அரை மீட்டர்ல மட்டும் நிறுத்தாதீங்க. நான் கட்டில பாத்து உக்காருவேன், ஸ்டாண்ட் ரெண்டும் கட்டிலோட கால்மாட்டுல, பின்னாடி மெத்தையும் தலகாணியும் கெடக்குறதால அந்தப் பக்கத்து எதிரொலி நெறைய செத்துரும். திரைச்சீலைய முழுசா இழுத்து மூடுங்க. மூலைல மட்டும் ஸ்பீக்கர் வேணவே வேணாம்.

பினாங்குலேருந்து ஒரு அண்ணன்: தவில், உறுமி எல்லாம் ரெக்கார்ட் பண்றேன்மா. 3 இஞ்ச்ல அடிச்சத்தம் எப்படி முடிவு பண்றது?

முடிவு பண்ணக் கூடாதுண்ணே. ஃப்ரீக்வென்சி பாதியா இறங்கினா அதே சத்தத்துக்கு கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும், 3 இஞ்ச் கோனுக்கு அவ்வளவு தூரம் ஆட இடமே கிடையாது. பேஸ் கிடார்ல கீழ் தந்தி 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கர்ல நீங்க கேக்குறது அதோட ரெண்டாவது ஹார்மோனிக், அதாவது ரெண்டு மடங்குல, 82ல வர்றது, மூளைதான் கீழ உள்ளத தானே நிரப்பிக்குது. அதனால தவில் குரலுக்கு முன்னாடி நிக்கணுமா பின்னாடி நிக்கணுமான்றத ஸ்பீக்கர்ல பாருங்க, அடி எவ்வளவு கனம்ன்றத ஹெட்ஃபோன்ல, நீங்க முன்னாடி மிக்ஸ் பண்ணி எல்லா இடத்துலயும் நல்லா கேட்ட ஒரு தவில் ட்ராக்க பக்கத்துல வச்சு மாத்தி மாத்தி கேட்டு பாருங்க. ஸ்பீக்கர்ல பேஸ் பத்தலையேன்னு ஈக்யூல (பேஸ், ட்ரெபிள்னு தனித்தனியா கூட்டிக் குறைக்கிறதுல) தூக்குனீங்கன்னா கல்யாண மண்டப சிஸ்டத்துல போடுறப்ப சுவரு இடிஞ்சிரும்ணே.

சென்னையிலேருந்து ஒரு தங்கச்சி: அப்ப ஹெட்ஃபோனே போதுமே அக்கா, எதுக்கு சுமக்கணும்?

பேஸுக்கும் க்ளிக், நாய்ஸ் தேடுறதுக்கும் போதும்மா. ஆனா லெஃப்ட் சத்தம் லெஃப்ட் காதுக்கு மட்டும் போறதால பேன் பண்ணதெல்லாம் (லெஃப்ட், ரைட்னு ஒதுக்கி வச்சதெல்லாம்) ரொம்ப விரிஞ்சு தெரியும், நடுவுல இருக்குற குரல் மண்டைக்குள்ள உக்காந்துக்கும், குரல் லெவல்ல தப்பு பண்றது அங்கதான். ரிவெர்ப் (ஹால்ல கேக்குற மாதிரி சேக்குற எதிரொலி) பொடிப்பொடியா தெளிவா கேக்குறதால கம்மியா போட்டுட்டு வேற வந்துருவோம்.

யாழ்ப்பாணத்திலை இருந்து: அக்கா, நான் கடற்கரைப் பக்கக் கோயில் திருவிழாக்களிலை ஒலிப்பதிவு செய்யிறனான். உப்புக்காத்து, மணல், பஸ் பயணம். தாங்குமோ?

தம்பி, மிக்ஸ் பண்ற ஸ்பீக்கர் எதுக்கும் அந்த ஐபி67 மாதிரி தண்ணி தூசி ரேட்டிங் எதிர்பார்க்காதீங்க, நம்மதான் பாத்துக்கணும். ஃபோம் வெட்டி வச்ச கெட்டிப் பெட்டி ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு, மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. கோன் இருக்குற பக்கம் எதுவும் வைக்கக் கூடாது. 8010 வாங்குறதுக்கு முன்னாடி, க்ரில் இல்லாத ஒரு ஸ்பீக்கர் வச்சிருந்தப்ப, ஒரு தடவ அவசரத்துல அடாப்டர அதுக்கு எதிர வச்சு மூடிட்டேன், பஸ் குலுக்கின குலுக்கல்ல அடாப்டர் முனை வூஃபர குத்தி, ஊர் வந்து பாத்தா கோன்ல ஓட்டை, அந்த மிக்ஸ மூணு நாள் தள்ளிப் போட வேண்டியதாப் போச்சு. அப்போலேருந்து வயர், அடாப்டர் எல்லாம் தனிப் பைதான். ஏசி ரூம்லேருந்து வெளிய கொண்டு போனீங்கன்னா உடனே பெட்டிய திறக்காதீங்க, ஒரு அரை மணி நேரம் விட்டா உள்ள ஈரம் கோக்காது.

ஷார்ஜாவிலேருந்து: ஃப்ளைட்ல எடுத்துட்டு போக பேட்டரி பேக் அலோ பண்ணுவாங்களா?

கேபின் பேக்ல மட்டும்தான், செக்கின் லக்கேஜ்ல போடவே கூடாது. 100 வாட்அவர் (பேட்டரில அடங்குற மின்சார அளவு) வரைக்கும் கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல 160 வரைக்கும்னா ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்ல கணக்கு போட்டா 74 வாட்அவர்தான் வரும், அதனால பயம் வேணாம், ஆனா மேல நம்பர் அழிஞ்சு போயிருந்தா புடுங்கி வச்சுக்குவாங்க. பல ஏர்லைன்ல கேபினுக்கு 7 கிலோதான், லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் ஜோடி மூணயும் வீட்லயே நிறுத்துப் பாத்துட்டு கிளம்புங்க.

திருச்சியிலேருந்து: லேப்டாப் சார்ஜர் சொருகினா ஸ்பீக்கர்ல ஒரு கீச்சு சத்தம் வருது.

எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க, பேலன்ஸ்டு வயர் (எக்ஸ்எல்ஆர் மாதிரி, வெளி இரைச்சல அடக்குற வயர்) போடுங்க, போகலைன்னா மிக்ஸ் பண்ற நேரம் மட்டும் சார்ஜர கழட்டிருங்க. எர்த் பின்ன மட்டும் தயவு செஞ்சு உடைக்காதீங்க, சத்தம் போயிரும், உயிருக்கும் பாதுகாப்பு போயிரும்.

சேலத்துலேருந்து: ராத்திரி 11 மணிக்கு பக்கத்து ரூம்ல கதவ தட்டுறாங்க அக்கா. சத்தம் கம்மியா வச்சு மிக்ஸ் பண்ணா சரியா வருமா?

பேசுற சத்தத்துக்கு வச்சாலே குரல் லெவல் நல்லாவே வரும், நான் பாதி வேலை அப்படித்தான் செய்றேன். ஆனா மெதுவா கேக்குறப்ப காதுக்கு பேஸ் கம்மியாத்தான் தெரியும், அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக்கூடத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே இத அளந்து வச்சுட்டாங்க, அதனால ராத்திரி பேஸ், ரிவெர்ப் ரெண்டுலயும் கை வைக்காதீங்க, காலைல டீ குடிச்சுட்டு வந்து ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப்ல 73, 75 டிபி காட்டுற அளவுக்கு வச்சு பத்து நிமிசம் கேட்டு அப்ப தொடுங்க.

ஒரு ஈரோட்டுக்காரர்: பைக்லதான் சுத்துறேன், பைல ஒரே ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம்.

ஒண்ணே போதும். ஃபாஸ்டெக்ஸ் 6301ன்னு ஒண்ணு இருக்கு, 10 சென்டிமீட்டர்ல ஒரே ஃபுல் ரேஞ்ச் கோன், உள்ளயே ஆம்ப், டிவி ரேடியோ வேலை பாக்குறவங்க ரொம்ப காலமா வச்சிருக்குற சாமான். இல்ல 8010தான் வேணும், ஜோடிக்கு பட்ஜெட் இல்லைன்னா, அத ஒத்தையாவும் விப்பாங்க, ஒண்ணு வாங்கி மோனோல மிக்ஸ் பண்ணுங்க, இன்னொண்ண அடுத்த வருசம் சேத்துக்கலாம். மோனோல குரலும் வயலினும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம தனித்தனியா கேட்டுச்சுன்னா லெவலும் ஈக்யூவும் சரியா இருக்குன்னு அர்த்தம், விரிக்கிற வேலைய ஹெட்ஃபோன்ல பாத்துக்கோங்க.