காற்றாலையையும் சோலார் பேனலையும் ஒரே சார்ஜ் கன்ட்ரோலரில் இணைக்கலாமா? (1 கிலோவாட் காற்றாலை, 48 வோல்ட் லித்தியம் பேட்டரி)

இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோலர் (கன்வெர்ட்டர்) வைத்து, பேட்டரி பஸ்பாரில் (ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் உலோகப் பட்டை) ஒன்று சேருங்கள்.

பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் பேனலைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. காற்றாலையில் அப்படித் துண்டித்தால் இறக்கையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் போகும். சுற்றும் வேகம் ஏற ஏற ஜெனரேட்டர் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். இரண்டு மடங்கு தாண்டினாலே சாதாரண கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) தாங்காது.

லித்தியம் பேட்டரியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 16 செல்லில் ஒன்றே ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு 3.65 வோல்டைத் தொட்டாலும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) மொத்த பேட்டரியையும் கழற்றிவிடும். அந்த நொடியில் பஸ்பாரில் எகிறும் வோல்டேஜ் இன்வெர்ட்டரையும் சேர்த்துப் பழுதாக்கும். ஆகவே டம்ப் லோடை, அதாவது மிகுதி மின்சாரத்தைச் சூடாக்கிக் கழித்து இறக்கையைக் கட்டுக்குள் வைக்கும் ரெசிஸ்டரை, பேட்டரிப் பக்கம் வைக்காதீர்கள். காற்றாலையின் ஏசியை டிசியாக்கும் மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையரை அடுத்து, வோல்டேஜை உயர்த்தி பேட்டரிக்குத் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு முன்னால் வையுங்கள். அதன் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கும் சப்ளை ரெக்டிஃபையரிலிருந்தே வரட்டும். பேட்டரியிலிருந்து எடுத்தால், தேவைப்படும் நேரத்தில்தான் அது செத்துக் கிடக்கும். இப்படி வைப்பதில் இன்னொரு லாபம்: கரன்டை ஒரே திசையில் விடும் பூஸ்ட் டயோடு குறுக்கே நிற்பதால் சோலார் மின்சாரம் டம்ப்பில் வீணாகாது.

அளவு: டம்ப்பை 57.6 வோல்டுக்கு செட் செய்யுங்கள். பலத்த காற்றில் 1 கிலோவாட் மெஷின் அதற்கு மேலும் தரும் என்பதால் 1500 வாட்டுக்குக் கணக்கிடுங்கள். 57.6 × 57.6 ÷ 1500 = சுமார் 2.2 ஓம், கரன்ட் 26 ஆம்பியர். கம்பி சுற்றிய ரெசிஸ்டருக்கு இண்டக்டன்ஸ் உண்டு, பிடபிள்யூஎம்மில் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து) ஓட்டும்போது குறுக்கே, ஆஃப் ஆகும் நொடியில் கரன்டுக்கு வழிவிடும் ஃப்ரீவீலிங் டயோடு இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் ஸ்பைக்கில் போகும். பெரும்பாலும் முதலில் கருகுவது ரெசிஸ்டர் அல்ல, அதன் டெர்மினல். சூடேறி ஆறி ஸ்குரூ தளரும், தளர்ந்த இடம் மேலும் சூடாகும். ஸ்பிரிங் வாஷர் போட்டு, பிவிசி ஒயருக்குப் பதில் சிலிக்கோன் ஒயர் இழுங்கள்.

எம்பிபிடியும் (அதிகபட்ச பவர் கிடைக்கும் புள்ளியைத் தேடும் முறை) இரண்டுக்கும் ஒன்றல்ல. பேனலுக்கு வோல்டேஜைச் சற்றே ஏற்றி இறக்கிப் பார்த்து உச்சத்தைத் தேடும் முறை போதும். காற்றாலையிலோ இறக்கையின் கனம் காரணமாக வேகம் மெதுவாகத்தான் மாறும். அதே தேடலை அங்கே வைத்தால், காற்று மாறியதைத் தன் மாற்றத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டு திசை தவறும். வேகத்துக்கு இவ்வளவு பவர் என்ற அட்டவணை வைத்த கன்ட்ரோலரே காற்றாலைக்கு ஏற்றது.

காற்றாலையை ஏற்றிய பிறகு, லேசான காற்றுள்ள நாளில் இன்வெர்ட்டரையும் பேனலையும் ஆஃப் செய்துவிட்டு பேட்டரி பிரேக்கரையும் ஆஃப் செய்யுங்கள். ரெக்டிஃபையர் பக்கம் மீட்டர் 57.6ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் உடனே மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்யும் பிரேக் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டம்ப் சர்க்யூட்டைச் சோதியுங்கள். அந்த ஸ்விட்சைப் பலத்த காற்றில் போடாதீர்கள், வைண்டிங் எரிந்துவிடும்.