பழைய பக்கங்களை மீண்டும் வரையலாமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரே சித்திரக்கதையைத் தொடராக வரைந்து வருகிறேன். அது இப்போது நூலாக வரவிருக்கிறது. முதல் நாற்பது பக்கங்களைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. முகங்கள் கட்டத்துக்குக் கட்டம் மாறுகின்றன, கோடுகள் தடுமாறுகின்றன. இன்றைய பாணியில் அவற்றை முழுவதும் மீண்டும் வரைந்துவிடலாமா, அப்படியே விடுவதுதான் நேர்மையா?

பதில்: உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் ஒரு பக்கம் கூச்சம் தருகிறது என்பது மட்டுமே அதை மாற்றுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. அந்த நாற்பது பக்கங்களில் இருவகைக் குறைகள் கலந்து கிடக்கின்றன. அன்று நீங்கள் வரைய நினைத்ததைக் கை எட்டாமல் போன இடங்கள் ஒரு வகை. அன்று நினைத்தது சரியாகவே வந்திருந்தும், இன்று நீங்கள் அப்படி நினைக்காத இடங்கள் மற்றொரு வகை. முன்னதைத் திருத்துங்கள். பின்னதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து, ஏனெனில் அது பிழையன்று, வேறொரு வயதின் தீர்மானம்.

இசையமைப்பாளர் பிராம்ஸ், பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக இருபது வயதில் எழுதிய படைப்பொன்றை 1889-இல், ஐம்பத்தாறாம் வயதில், மீண்டும் கையில் எடுத்தார். தொடக்கத்து மெல்லிசையை வைத்துக்கொண்டார். இரண்டாம் பகுதியில் முடிவைத் தவிரப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. மற்றப் பகுதிகளிலோ துணைக் கருப்பொருள்களை நீக்கிப் புதியவற்றை எழுதி, நீளத்தையும் வெகுவாகக் குறைத்தார். எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்தறிந்த அந்த நிதானத்தையும், பழைய வடிவத்தைத் திரும்பப் பெறாமல் இரண்டையும் உலவவிட்ட பெருந்தன்மையையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் துறையிலேயே எச்சரிக்கையான உதாரணமும் இருக்கிறது. டின்டின் சித்திரக்கதை வரிசையில் ‘கறுப்புத் தீவு’ கதையை, அதைப் படைத்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1937-38-இல் கறுப்பு வெள்ளைத் தொடராக வரைந்தார். 1943-இல் அது வண்ணத்தில் வந்தது. பின்னர் ஆங்கிலப் பதிப்பாளர்கள் பிரிட்டன் சித்திரிக்கப்பட்ட விதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிழைகளைச் சுட்டிக்காட்ட, உதவியாளர் ஒருவர் நேரில் சென்று வாகனங்களையும் சீருடைகளையும் கட்டடங்களையும் வரைந்து வந்தார்; 1966-இல் முழுக்க மறுவரைவு செய்யப்பட்ட நூல் வெளிவந்தது. விவரங்கள் துல்லியமாகிவிட்டன. ஆனால், கதை பிறந்த முப்பதுகளின் காற்று அதில் குறைந்துவிட்டது என்று கருதி முந்தைய வடிவத்தையே விரும்பும் வாசகர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

முழுமையான மறுவரைவை நான் தயங்கி அணுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது பக்கங்களை இன்றைய கையால் வரைந்து முடித்தால், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வாசகர் சட்டென்று ஐந்தாறு ஆண்டுகள் பின்னோக்கி விழுவார். அந்தப் பள்ளத்தை மூட அடுத்த நாற்பதையும் வரையத் தோன்றும். அதற்குள் உங்கள் பாணி மேலும் நகர்ந்திருக்கும். இப்போதோ கோடு மெல்ல மெல்ல உறுதியடைகிறது. அந்த வளர்ச்சியை வாசகரின் கண் தன்னையறியாமல் ஏற்றுக்கொண்டுவிடும்.

ஆகவே, முதலில் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து பாதுகாப்பாக வையுங்கள். மூலத்தாளின் மீது எதையும் வரையாதீர்கள். பிறகு, உங்கள் கதையை அறியாத ஒருவரிடம் அந்த நாற்பது பக்கங்களைக் கொடுத்து, பாத்திரம் யாரென்று தெரியாமல் அவர் தடுமாறும் கட்டங்களையும், எந்த வசனக் குமிழை முதலில் படிப்பது என்று குழம்பும் இடங்களையும் மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். உங்களுக்குக் கூச்சம் தரும் பக்கங்களும் அவர் தடுமாறும் பக்கங்களும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். அவர் குறித்தவற்றை மட்டும், அன்றைய கோட்டின் தடிமனிலும் அன்றைய முக அமைப்பிலும், திருத்துங்கள். கைக்கு இது புதிதாக வரைவதைவிடக் கடினமான வேலை.

அச்சுக்குக் கொடுக்கும் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். முதல் பக்கம் மட்டும் எவ்வளவு முயன்றும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தால், அதை இன்றைய கையால் தாராளமாக மறுபடி வரையுங்கள்; பழையதை நூலின் கடைசியில், வரைந்த ஆண்டைக் குறிப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள்.