கறுப்புக் கோட்டின் நிழல்: அச்சுக்குக் கொடுக்குமுன் மையைக் கணக்குப் பாருங்கள்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அச்சுவேலை பற்றியவை. ஆகவே மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலர் 300 பிரதி அடித்தோம். நடுவில் அப்பா கறுப்புக் கோட்டோடு நிற்கும் முழுப்பக்கப் படம், எதிர்ப்பக்கத்தில் என் மகள் அம்மப்பாவுக்கு எழுதிய கவிதை. கட்டைப் பிரித்தால் கவிதையின் மேல் அழுக்குப் போலக் கோட்டு ஒட்டியிருக்கிறது. சில பிரதிகளில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழிந்தே விட்டது. அச்சகத்தில் "உங்கட படம்தான் பிழை" என்கிறார்கள். படத்தை ஸ்கேன் பண்ணிப் பக்கம் அமைத்ததும் அவர்களே, அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். (களுவாஞ்சிகுடி)

பதில்: உங்கள் அப்பாவின் படத்தில் ஒரு பிழையும் இல்லை, சகோதரி. நீங்கள் அனுப்பிய பிரதியில் அந்தக் கோட்டின் கொலர் விளிம்பு, இடம் வலம் மாறி, கவிதையின் மூன்றாவது வரிக்குக் குறுக்கே கிடப்பதைப் பார்த்தேன். மனது கஷ்டமாகிவிட்டது. மைப் பாரம் கூடியதால் வந்த பிழை இது.

வண்ண அச்சு நான்கு மையில் நடக்கிறது: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் அதிகபட்சம் 100 சதவீதம் விழலாம், நான்கும் முழுதாக விழுந்தால் 400. எந்தத் தாளும் 400ஐத் தாங்காது. பத்திரிகைத் தாளுக்கு 240 அளவில் நிறுத்துவார்கள். மினுக்கமில்லாத வெள்ளைத் தாளுக்கு 260 முதல் 300 வரை, மேற்பூச்சுள்ள நல்ல ஆர்ட் பேப்பருக்கு 300 முதல் 330 வரை. உங்கள் பி.டி.எஃப்பைத் திறந்து கோட்டின் தோள்பட்டையில் வைத்துப் பார்த்தேன்: நீலம் 88, மெஜந்தா 82, மஞ்சள் 79, கறுப்பு 92. கூட்டினால் 341. நீங்கள் காசு கொடுத்ததோ மினுக்கமில்லாத 80 கிராம் தாளுக்கு. அவ்வளவு மையை அந்தத் தாளால் உறிஞ்ச முடியாது, மேல் அடுக்கு ஈரமாகவே நிற்கும், அடுக்கி வைத்த தாள்களின் பாரத்தில் அடுத்த தாளில் ஒட்டும். அச்சுக்காரர் இதைத்தான் செட் ஓஃப் என்பார். நீங்கள் அடித்தது மார்கழி மழையில், காற்றில் ஈரம் கூடிய அந்த நாட்களில் மை காய இன்னும் நேரம் எடுக்கும்.

இந்தக் கூட்டலைப் பார்த்திருக்க வேண்டியவர் பக்கம் அமைத்தவர். அதற்குத்தான் அவர் தனிக் காசு வாங்கினார். ஆகவே அந்தப் பக்கங்களை அவர் தன் செலவில் திருப்பி அடித்துத் தரவேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுங்கள், கெட்டுப்போன பிரதி ஐந்தாறையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேரவேண்டும், காலம் கடத்தாதீர்கள். தொலைபேசியில் விசாரிக்க 1977.

கேள்வி: படத்தில் விழும் நான்கு மையின் கூட்டுத் தொகையை நாங்களே பார்க்க முடியுமா? என்னிடம் சாதாரண லப்டொப்தான். (சம்மாந்துறை)

பதில்: தாராளமாக. ஃபோட்டோஷொப் இருந்தால் இன்ஃபோ பெட்டியின் பனல் ஒப்ஷன்ஸுக்குப் போய், இரண்டாவது அளவீட்டை 'டோட்டல் இங்க்' என்று மாற்றுங்கள். அதன்பின் படத்தின் மிக இருண்ட இடங்களில், அதாவது தலைமுடி, கோட்டு, இரவு வானம், கோயில் கதவின் உட்புறம், இப்படியான இடங்களில் சுட்டியை நகர்த்தினால் கூட்டுத் தொகை தெரியும். ஒரு கவனம்: படம் இன்னும் ஆர்.ஜி.பியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறையில்) இருந்தால், உங்கள் ஃபோட்டோஷொப்பில் எந்த அச்சுப் புரொஃபைல் (நிறத்தை மை அளவாக மாற்றும் கணக்குக் கோப்பு) வைத்திருக்கிறதோ அதன் கணக்கைத்தான் காட்டும். அச்சகம் வேறு புரொஃபைல் பாவித்தால் தொகையும் மாறும். அக்ரோபட் புரோவில் 'அவுட்புட் பிரிவியூ' திறந்து, 'டோட்டல் ஏரியா கவரேஜ்' என்பதில் அச்சகம் சொன்ன எல்லையைக் கொடுத்தால், எல்லை தாண்டிய இடமெல்லாம் வேறு நிறத்தில் எழுந்து நிற்கும். முழுப்பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு இதுதான் விருப்பம். காசில்லாமல் வேண்டுமென்றால் ஸ்க்ரைபஸ். அதன் அச்சு முன்னோட்டத்திலும் மைப் பரப்பைக் காட்டும் வசதி இருக்கிறது.

கேள்வி: என் போனில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் இருட்டாக வந்தது. ஏன்? (அக்கரைப்பற்று)

பதில்: போன் வெளிச்சம் விடுகிறது, தாள் விடாது. அடுத்தமுறை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: படத்தில் மை கூட என்று அச்சகத்தில் சொன்னார்கள். நான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தேன். இப்போது எல்லாரும் வெளிறிப்போய் நிற்கிறார்கள். (ஏறாவூர்)

பதில்: மை கூடியது இருண்ட இடத்தில் மட்டும்தான், தம்பி. நீங்கள் முகம், சேலை, பின்சுவர் என்று எல்லாவற்றிலும் குறைத்துவிட்டீர்கள். செய்யவேண்டியது வேறு. நீலமும் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து உண்டாக்குகிற கருமையைக் கறுப்பு மை ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த மூன்றையும் இறக்கவேண்டும். நீலம் 70, மெஜந்தா 60, மஞ்சள் 60, கறுப்பு 85 என்றால் 275தான், கண்ணுக்கு அது கறுப்பாகத்தான் தெரியும். கையால் செய்யத் தேவையில்லை. அச்சகத்தின் புரொஃபைலை வாங்கி 'கன்வேர்ட் டு புரொஃபைல்' கொடுத்தால் அதுவே எல்லைக்குள் கொண்டுவந்துவிடும். 'அசைன்' கொடுத்தால் எண்கள் அசையாது, அதில் ஏமாறாதீர்கள். அப்புறம், பழைய ஆர்.ஜி.பி படத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள், வெளிறிய படத்தை மறுபடி கறுப்பாக்கப் போகாதீர்கள்.

கேள்வி: கல்யாணக் கார்ட் 500 நாளை காலை வேண்டும். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், விலை குறைவான இடத்தில் கொடுத்தேன், புரூஃப் (அச்சுக்கு முன் அடித்துக் காட்டும் மாதிரித் தாள்) பார்க்க நேரமில்லை. படம் கட்டம் கட்டமாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாமா? (காத்தான்குடி)

பதில்: கேட்க முடியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும் என்பது உங்களுக்குத் தெரியும், புரூஃப் வேண்டாம் என்றதும் நீங்கள்தான். இன்றிரவே மூலப்படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு தாள் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. கல்யாணம் நாளைக்கில்லையே.

கேள்வி: அழைப்பிதழில் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு தெரிகிறது. மெஷின் பழசா? (வாழைச்சேனை)

பதில்: மெஷினைக் குறைசொல்லுமுன் ஃபைலைப் பாருங்கள். அந்தக் கறுப்பு எழுத்து நான்கு மையிலும் அமைந்திருக்கும். ஃபோட்டோஷொப்பில் அமெரிக்கப் புரொஃபைலோடு வெறும் ஆர்.ஜி.பி கறுப்பை மாற்றினால் 75, 68, 67, 90 என்று விழும், கூட்டினால் சரியாக 300. ஒவ்வொரு மைக்கும் தனி அச்சுத் தகடு, அதாவது பிளேட்; அந்த நான்கும் ஒரு மயிரிழை விலகினாலே 8 பொயின்ட் எழுத்தின் ஓரம் நிறம் காட்டிவிடும், 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் தெரியாது. சின்ன எழுத்துக்குக் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0. பிளேட்டுகளைப் பொருத்தப் போடும் குறிகளுக்கான 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற கறுப்பு 400, அதை எழுத்துக்குத் தொடவே வேண்டாம். மேலே ஏறாவூர்த் தம்பிக்குச் சொன்ன புரொஃபைல் மாற்றத்தையும் படத்துக்கு மட்டும் செய்யுங்கள். முழுப் பக்கத்துக்கும் கொடுத்தால் சுத்தமான கறுப்பு எழுத்தும் நான்கு மையாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: மூன்று அச்சகத்தில் விலை கேட்டேன். ஒன்று மற்ற இரண்டைவிட மிகக் குறைவு. நம்பலாமா? (கல்முனை)

பதில்: எதற்கான விலை என்று எழுதித் தந்தார்களா? எழுதவில்லையென்றால் மூன்று விலையையும் ஒப்பிட வழியில்லை. எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்கு நான்தான் ஓடித்திரிந்து அச்சகம் பிடித்தேன். ஆர்ட் பேப்பர் என்று வாயால் பேசி, முற்பணமும் வாயால் பேசிக் கொடுத்தேன். வந்தது மினுக்கமில்லாத தாள். ஆர்ட் பேப்பருக்கென்று 320 வரை மை ஏற்றியிருந்த இரவுத் தீபப் படங்களை அப்படியே அந்தத் தாளில் அடித்திருந்தார்கள். தீபச் சுடரைச் சுற்றி இருட்டு மட்டும் ஊறிப்போய்த் தாளின் பின்பக்கத்தில் தெரிந்தது. காட்ட ஒரு துண்டு இல்லை என்பதால் சபையின் காசு போனது போனதுதான், இன்றைக்கும் அந்த மலரை எடுத்தால் நெஞ்சு கனக்கும்.

நம் ஊரில் கல்வெட்டு என்கிற நினைவு மலர், சாமத்திய வீட்டு அல்பம், பாடசாலை மலர் என்று மக்கள் வாழ்க்கையில் ஒருமுறை செய்கிற வேலைகள் அச்சகத்துக்கு வருகின்றன. அவர்களிடம் தாள் எது, மை எல்லை எது என்று ஒரு வரி சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? அந்த எண் அச்சகத்தில் தெரிந்திருக்க வேண்டியது. தெரியாத அச்சகம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். தாளின் பெயர், கிராம், பிரதி, மை எல்லை, புரூஃப் உண்டா, கெட்டால் யார் பொறுப்பு, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமே சொல்கிறது. பற்றுச்சீட்டுக்கு வேறு விலை என்றால் அந்த இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: லேசர் பிரின்டர் பெட்டியில் 1,500 பக்கம் என்று போட்டிருந்தது. 400 பக்கத்தில் டோனர் முடிந்துவிட்டது. ஏமாற்றா? (திருக்கோவில்)

பதில்: என்ன அடித்தீர்கள்? படமும் கறுப்புக் கட்டமும் நிறைந்த வினாத்தாள் என்றால் பெட்டியில் இருப்பது பொய்யில்லை. கறுப்பு டோனருக்கு அந்த எண்ணை ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 19752 என்ற முறைப்படி, பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் கறுப்பு விழும் ஒரு தாளை வைத்து எடுக்கிறார்கள். உங்கள் தாளில் 20 சதவீதம் விழுந்தால் கால்வாசிதான் கிடைக்கும். ஆனால் பிரின்டரோடு வந்த முதல் டோனர் பல மொடல்களில் அரைகுறையாக நிரப்பியது, அதை விற்கும்போது சொல்லவேண்டியது கடைக்காரரின் கடமை. உங்களுக்கு அவர் சொல்லவில்லையென்றால் பில்லோடு போய்க் கேளுங்கள், நான் உங்கள் பக்கம்.

கேள்வி: புரூஃபில் கையொப்பம் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? (செங்கலடி)

பதில்: எழுத்துப்பிழை, பெயர், திகதி பார்த்து வையுங்கள். லேசரில் அடித்த புரூஃபில், பிளேட் வைத்து அடிக்கும் ஓஃப்செட் அச்சு மையின் பாரம் தெரியாது, ஆகவே கையொப்பத்துக்குக் கீழே "மை எல்லை 280ஐத் தாண்டக்கூடாது" என்றோ, உங்கள் தாளுக்கு அவர்கள் சொன்ன எண்ணையோ உங்கள் கையாலேயே எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.