எக்ஸ்எஸ்எல்டி ஏன் இழுக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 5,000 புத்தகங்கள் கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் கோப்புகளை வேறு வடிவங்களுக்கு மாற்றும் மொழி) மூலம் வலைப்பக்கமாக மாற்றுகிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் ஆசிரியரின் எண் மட்டும் இருக்கிறது. பெயரை அதே கோப்பின் இன்னொரு பகுதியிலிருந்து எடுக்கிறேன். நிமிடக் கணக்கில் ஓடுகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?

பதில்: சர்வரை விடுங்கள். பெயரை எடுக்கும் பாதை // என்று தொடங்குகிறதா, பாருங்கள். அந்த இரண்டு சாய்கோடுகளுக்கு 'கோப்பு முழுவதும் தேடு' என்று பொருள். கோப்பில் 50,000 எலிமென்ட்கள் (கோப்பின் உறுப்புகள்) இருந்தால், 5,000 புத்தகங்களுக்கும் சேர்த்து 25 கோடி முறை எட்டிப்பார்க்க வேண்டும். சில ப்ராசஸர்கள் (எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் மென்பொருள்கள்) தாமாகவே இதைச் சரிசெய்துகொள்ளும்; அதை நம்பி எழுதாதீர்கள்.

ஸ்டைல்ஷீட்டின் (மாற்றும் விதிகளை எழுதும் கோப்பு) மேல்மட்டத்தில் ஆசிரியர் எண்ணுக்கு ஒரு 'கீ' அறிவியுங்கள். ப்ராசஸர் கோப்பை ஒருமுறை சுற்றி அட்டவணை போட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு பெயரும் நேரே கைக்கு வரும். ஒரு கண்ணி உண்டு: நீங்கள் அப்போது நிற்கும் கோப்பில்தான் கீ தேடும். ஆசிரியர் பட்டியல் தனிக் கோப்பில் இருந்தால், பிழைச்செய்தியே இல்லாமல் வெறுமை வரும். எக்ஸ்எஸ்எல்டி 2.0 பதிப்பில் எங்கே தேடுவது என்பதை மூன்றாவது அளவுருவாகச் சொல்லலாம். 1.0 என்றால் முதலில் அந்தக் கோப்புக்குள் போய் நிற்க வேண்டும். நானே இதில் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: ஃபார்-ஈச் (ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் கட்டளை) வேகமா, அப்ளை-டெம்ப்ளேட்ஸ் (பொருந்தும் விதியை, அதாவது டெம்ப்ளேட்டை, ஓட்டும் கட்டளை) வேகமா?

பதில்: பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. படிக்க எது எளிதோ அதை எழுதுங்கள்.

கேள்வி: புத்தகங்களை வகைவாரியாகப் பிரிக்க, 'இந்த வகை முன்னால் வந்திருக்கிறதா' என்று ப்ரிசீடிங் அச்சில் (நிற்கும் இடத்துக்கு முன்னால் உள்ளவற்றைத் தேடும் பாதை) பார்க்கிறேன். சரிதானா?

பதில்: விடை சரியாக வரும், நேரம்தான் போகும். ஒவ்வொரு புத்தகமும் தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்தால், 5,000 புத்தகங்களுக்கு ஏறக்குறைய 1.25 கோடி ஒப்பீடுகள். புத்தகங்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். 2007இல் வந்த 2.0 பதிப்பிலேயே குழுவாகப் பிரிக்கும் ஃபார்-ஈச்-குரூப் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 1.0இல் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஸ்டீவ் மியூங்க் பெயரால் வழங்கும் முறை உண்டு: வகைக்கு ஒரு கீ வைத்து, ஒவ்வொரு வகையிலும் முதல் புத்தகத்தை மட்டும் ஜெனரேட்-ஐடி (ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தனி அடையாளம் தரும் செயல்பாடு) மூலம் பொறுக்கி எடுப்பது. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஓடும்.

கேள்வி: கோப்பு சிறியதுதான், ஆனாலும் ஜாவா சர்வரில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தாமதம்.

பதில்: ஒவ்வொரு முறையும் ஸ்டைல்ஷீட்டைப் புதிதாகத் தொகுக்கிறீர்கள் (கம்பைல்) போலிருக்கிறது. ஒருமுறை தொகுத்து டெம்ப்ளேட்ஸ் ஆப்ஜெக்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) அதைப் பகிரலாம். அதிலிருந்து பிறக்கும், மாற்றும் வேலையைச் செய்யும் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பகிராதீர்கள், கோரிக்கைக்கு ஒன்று. அதன் பிறகும் இழுத்தால், ஊகிக்காமல் அளந்து பாருங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக் கருவியின் ப்ரொஃபைல் விருப்பம், எந்த டெம்ப்ளேட் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் தின்றது என்று காட்டிவிடும்.

கேள்வி: மாற்றும் வேலையைப் பிரவுசரிடமே விட்டால் என்ன?

பதில்: வேண்டாம். பிரவுசர்களுக்குத் தெரிந்தது 1999ஆம் ஆண்டின் 1.0 மட்டும்தான், ஃபார்-ஈச்-குரூப் அங்கே கிடையாது. அந்த ஆதரவையும் நீக்கப்போவதாக 2025இல் குரோம் அறிவித்துவிட்டது. சர்வரிலேயே மாற்றி, எச்டிஎம்எல்லாகவே அனுப்புங்கள்.