நம் ஊர் மின்சாரத்தை வெயிலும் ஆறும் செம்பனையும் தாங்குமா? கேள்வி பதில்

செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக வேலை பார்த்தவன் நான். இப்போது வீடுகளுக்கும் கடைகளுக்கும் சோலார் பொருத்துகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருந்தும் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நிலக்கரி இல்லாமல் நம் ஊருக்கு மின்சாரம் கிடைக்குமா, அண்ணா? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆமா, இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் ஆமா. மணிக்கு மணி பார்த்தால் இன்றைக்கு இல்லை. இந்த இரண்டு கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு வாக்குவாதம் நடக்கிறது.

பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஊரில் 10,000 வீடுகள், வீட்டுக்கு மாதம் 350 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம் யூனிட் வரும். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 யூனிட் தரும். வீட்டுக்கு 4 கிலோவாட் போட்டால் மொத்தம் 5 கோடி யூனிட்டை நெருங்கும். மரநிழல் விழும் கூரை, வலுவில்லாத கூரை என்று கொஞ்சம் கழித்தாலும் வீடுகளின் தேவை ஏறக்குறைய அடைபடும். கடை, பள்ளி, தொழிற்சாலை எல்லாம் இதற்கு மேல்.

ஆனால் அந்த யூனிட் எல்லாம் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் வந்து குவிகிறது. நம் வீடுகளில் விளக்கு, டிவி, ஏர்கோன் எல்லாம் ஓடுவது இருட்டிய பிறகு. அந்த 10,000 வீடுகளுக்கு ஒரு நாள் தேவை சுமார் 115,000 யூனிட். அதில் 60 விழுக்காடு வெயில் இல்லாத நேரத்தில் செலவாகிறது என்றால், தினமும் ஏறக்குறைய 70,000 யூனிட்டைச் சேமித்து வைக்கவோ வேறு வழியில் உற்பத்தி செய்யவோ வேண்டும். நம் ஊரின் உண்மையான கேள்வி அந்த 70,000 யூனிட்தான்.

அதைப் பேட்டரியில் சேர்த்து வைக்க முடியாதா? (தாமான் குடியிருப்பாளர்)

முடியும். ஆனால் அளவைப் பாருங்கள். வீட்டுக்கு வைக்கும் பேட்டரி ஒன்றில் பத்து யூனிட் நிற்கும் என்றால், அந்த 70,000 யூனிட்டுக்கு 7,000 பேட்டரி வேண்டும். தீபகற்ப மலேசியாவின் உச்சத் தேவை இப்போது 20,000 மெகாவாட்டை ஒட்டி நிற்கிறது. பெரிய பேட்டரி நிலையங்களுக்கு அரசாங்கம் கூப்பிட்ட ஏலம் 400 மெகாவாட், 1,600 மெகாவாட் மணி. உச்சத் தேவையில் 2 விழுக்காட்டை நான்கு மணி நேரம் தாங்கும். தொடக்கத்துக்கு நல்லது. மாலை நேர உச்சத்தைக் கொஞ்சம் தணிக்கவும், திடீரென்று மேகம் மூடும்போது கைகொடுக்கவும் உதவும். விடிய விடிய ஊரைத் தாங்கும் அளவு அது இல்லை.

பக்கத்திலேயே செண்டெரோ அணை இருக்கிறதே, அண்ணே. அந்த மின்சாரம் நமக்குப் போதாதா? (லோரி ஓட்டுநர்)

செண்டெரோ 1930இல் ஓடத் தொடங்கிய அணை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டினார்கள். அதன் திறன் சுமார் 40 மெகாவாட். பேராக் ஆற்றில் அதற்கு மேலே தெமெங்கோர் 348, பெர்சியா 72, கெனெரிங் 120 மெகாவாட். ஒரே தண்ணீர் நான்கு அணைகளிலும் இறங்கி இறங்கி வேலை செய்கிறது. நான்கையும் கூட்டினால் 580 மெகாவாட். மஞ்சோங்கில் உள்ள நிலக்கரி நிலையம் ஒன்று மட்டும் 4,100 மெகாவாட்.

நம் ஊருக்கு மட்டும் என்று பார்த்தால் செண்டெரோவே தாராளம். ஆனால் மின்கம்பியில் ஏறிய மின்சாரத்துக்குப் பக்கத்து ஊர், தூரத்து ஊர் என்று கிடையாது. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் சேர்த்துத்தான் அது ஓடுகிறது.

அணையின் பெரிய பலம், கேட்ட நேரத்தில் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம் என்பது. பகலில் சோலார் ஓடும்போது தண்ணீரை நிறுத்தி வைத்து, இரவில் திறந்துவிடலாம். நீர்த்தேக்கங்களின் மேல் சோலார் தகடுகளை மிதக்கவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டும் 2,500 மெகாவாட் திட்டம், 2023இல் வந்த தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்த திட்டம் இது. புதிதாக ஒரு காடும் அழியாது, மின்கம்பியும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

புதிய பெரிய அணை கட்டுவதற்கு மட்டும் நான் ஆதரவு இல்லை. தெமெங்கோர் காட்டில் இருந்து ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சரவாக்கின் பாக்குன் அணைக்காகச் சுமார் 10,000 பேர் சுங்கை ஆசாப்புக்குப் போனார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளான நாம் அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

காற்றாலை? தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிப் பக்கம் எவ்வளவு நிற்கிறது! (கடைக்காரர்)

அங்கே கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நம் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான். அந்த வேகத்தில் பெரிய காற்றாலை சுற்றவே தொடங்காது. பேராக்கில் காற்றை மறந்துவிடலாம்.

ஆலைக் குளத்து வாயுவில் கரண்டு எடுக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு வருமா? (ஆலைத் தொழிலாளி)

வரும் தம்பி. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செம்பனைப் பழக்குலையை அவித்து எண்ணெய் பிழிந்த பிறகு பழுப்பு நிறத்தில் கெட்டியாக, ஆவி பறக்க ஒரு கழிவு நீர் வெளியே வரும். ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல் இந்தத் தண்ணீர். முன்பெல்லாம் அதைத் திறந்த குளங்களில் விட்டுவிடுவார்கள். குளத்தின் மேல் நாள் முழுக்கக் குமிழி வெடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழியில் இருப்பது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. இப்போது குளத்தின் மேல் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். வாயு சேரச் சேர விரிப்பு மேடு மாதிரி உப்பி எழும். அங்கிருந்து குழாயில் இழுத்து, கந்தக வாயுவைச் சுத்தப்படுத்தி இஞ்சினுக்கு விட வேண்டும். சுத்தம் செய்யாமல் விட்டால் இஞ்சினுக்குள் உள்ள உலோகத்தை அது அரித்துவிடும். வாயு எஞ்சினியருக்கு முதல் தலைவலி அதுதான்.

ஆண்டுக்கு 250,000 டன் குலை அரைக்கும் ஆலையில் ஏறக்குறைய 90 லட்சம் யூனிட் எடுக்கலாம். மேலே சொன்ன வீட்டுக் கணக்கில் இரண்டாயிரம் வீடுகளுக்கு மேல், அதாவது ஊரில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், வாயுவை விரிப்புக்குக் கீழே சில மணி நேரம் பிடித்து வைத்திருந்து இரவில் இஞ்சினை ஓட்டலாம். வெயிலை அப்படிப் பிடித்து வைக்க முடியாது.

அப்புறம் ஏன் எல்லா ஆலையும் செய்யவில்லை? 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகள் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. பழைய ஆலைகள் பலவும் தோட்டத்துக்கு உள்ளே தள்ளி நிற்கின்றன. அங்கிருந்து துணை மின்நிலையம் வரை கம்பி இழுக்கும் செலவு பல நேரம் இஞ்சின் விலையோடு போட்டி போடும். ஆலை தன் தேவைக்குப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துத் தானே மின்சாரம் செய்துகொள்கிறது. அதனால் பிடித்த வாயுவை வாங்க ஆள் இல்லாமல் சும்மா எரித்துவிடும் இடமும் உண்டு. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஆள் இருக்கும்போது ஓர் ஊருக்கான வெளிச்சம் வீணாக எரிகிறது.

தோட்டத்து வீட்டில் இருக்கிறோம் தம்பி. கூரை எங்களுடையது இல்லை. இந்தப் பேச்சில் எங்களுக்கு என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

அக்கா, எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

உள்ளதைச் சொல்கிறேன். இன்றைக்கு இருக்கிற சோலார் திட்டங்கள் சொந்த வீடும் கையில் காசும் உள்ளவர்களுக்குத்தான் பொருந்துகின்றன. மாதம் 200, 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கட்டணம் ஏற்கெனவே குறைவு, அதனால் சொந்தக் கூரை இருந்தாலும் போட்ட பணம் திரும்பி வர ரொம்ப ஆண்டு ஆகும். ஏர்கோன் நாலைந்து ஓடும் பங்களாவுக்குச் சீக்கிரம் திரும்பிவிடும். அதிகம் எரிப்பவருக்கு அதிக லாபம் என்று ஆகிவிட்டது. இது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடி இரவு பத்து மணிக்கெல்லாம் நின்றுவிடும். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். பக்கத்திலேயே மின்கம்பி மேலே போகும், லயத்துக்குள் வராது. இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் 1990 போதுமான மின்சார வசதி செய்து தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்திருக்கிறது. நிர்வாகம் தன் அலுவலகம், ஆலை, ஸ்டோர் கூரைகளில் சோலார் போடும்போது லயத்து வீடுகளையும் அந்த இணைப்பில் சேர்க்கச் சொல்லி தொழிற்சங்கம் வழியாகக் கேட்கலாம். கோயில் மண்டபமும் பள்ளிக் கூரையும் பெரிய பரப்பு. பள்ளியில் மின்சாரம் பகலில்தான் செலவாகிறது, சோலாருக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை. இன்னொன்று, அரசாங்கத்தின் ஏழைக் குடும்பப் பட்டியலான இ-காசேயில் மிக வறிய நிலையில் உள்ளதாகப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு இருக்கிறது. தகுதி இருந்தும் பதியாமல் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

செம்பனையை வெட்டிவிட்டு சோலார் போடப் போகிறார்கள் என்று பேச்சு. நல்லதா கெட்டதா? (தோட்டத்துக் கிராணி)

மின்சாரம் என்று மட்டும் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கும். ஒரு எக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தரும். அதை அப்படியே டீசல் இஞ்சினில் எரித்தால் 16,000 யூனிட்டைத் தாண்டாது. அதே ஒரு எக்டரில் ஒரு மெகாவாட் அளவுக்குத் தகடு பதித்தால் ஆண்டுக்கு 12 லட்சம் யூனிட். ஆனால் எண்ணெய் சாப்பாட்டுப் பொருள், அதை எரிக்க யாரும் வளர்க்கவில்லை.

எனக்குக் கவலை வேலைதான். குலை வெட்டவும் பழம் பொறுக்கவும் ஆள் வேண்டும். சோலார் பண்ணை கட்டி முடிந்ததும் புல் வெட்ட, தகடு கழுவ, காவலுக்கு என்று சில பேர் போதும். அதனால் முதலில் கூரைகள், அடுத்து நீர்த்தேக்கம், பழைய ஈயச் சுரங்கக் குட்டை, கைவிட்ட நிலம். மரம் நிற்கும் தோட்டம் கடைசி. அங்கே போட்டாலும் குடியிருக்கிறவர்களின் வீடு, நிலம் பற்றிப் பேசி எழுத்தில் முடித்த பிறகுதான்.

மழை, புகைமூட்டம்? (பலர்)

மழை நாளிலும் கொஞ்சம் வரும். புகைமூட்டம் உற்பத்தியைக் குறைக்கும். ஆண்டுச் சராசரியாக நான் மேலே தந்த எண்ணில் இதெல்லாம் அடக்கம்.

எங்கள் வீட்டில் சோலார் இருந்தும், கரண்டு போனால் வீடு இருட்டாகிவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (குடும்பத் தலைவி)

இல்லை தங்கச்சி, அப்படித்தான் இருக்க வேண்டும். வெளியே மின்சாரம் நின்றதும், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் உங்கள் இன்வெர்ட்டர் தானாக நிற்கும். நிற்காவிட்டால் உங்கள் தகட்டில் இருந்து மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி, பழுது பார்க்கக் கம்பம் ஏறியவரைக் கொன்றுவிடும். கரண்டு இல்லாத நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றால், பேட்டரியும் வீட்டைத் தெருக்கம்பியில் இருந்து துண்டிக்கும் சாதனமும் தனியாக வேண்டும்.

ஸ்பெயினில் சோலார் அதிகமாகி நாடே இருண்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (பலர்)

2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது உண்மை. விசாரணையில் வந்த காரணம், மின்னழுத்தம் கட்டுமீறி ஏறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போதவில்லை. சோலாரைக் கூட்டும்போது அந்த ஏற்பாட்டையும் கூட்ட வேண்டும் என்பதுதான் அதில் உள்ள பாடம். 1996 ஆகஸ்டு 3இல் தீபகற்ப மலேசியா முழுக்க இருண்டதே, அப்போது நம்மிடம் சோலாரே இல்லை. திரங்கானு பாக்காவில் தொடங்கிய கோளாறு அது.

மளிகைக் கடை, இரண்டு ஃப்ரீசர், பகல் முழுக்கத் திறந்திருக்கும். போடலாமா?

நீங்கள்தான் முதலில் போட வேண்டியவர். வெயில் அடிக்கும் நேரத்தில்தான் உங்கள் ஃப்ரீசர் அதிகம் இழுக்கும். மிச்ச மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துத் தந்த பழைய நெம் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதை வைத்து யாராவது லாபக் கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். மிச்சத்தை விற்று சம்பாதிக்கலாம் என்று பெரிதாகப் போடாமல், பகலில் நீங்களே எரிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பில்லில் ஆறு மாத யூனிட்டையும் பகல், இரவு மீட்டர் அளவையும் எழுதிக்கொண்டு வந்தால் அளவு சொல்கிறேன்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன், மேற்படிப்புக்கு வசதி இல்லை. இந்தத் துறையில் வேலை கிடைக்குமா, அங்கிள்?

கிடைக்கும். முதலில் ஐஎல்பி அல்லது கியாட்மாரா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சாரப் பயிற்சி, அதன் வழியாக எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ். ஒரு முனை, மும்முனை என்று இரண்டு நிலை இருக்கிறது, மும்முனை வரை போகட்டும். அனுபவம் சேர்ந்ததும் சார்ஜ்மேன் தேர்வு எழுதலாம். சோலாருக்கென்று, நீடித்த எரிசக்தியைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பான செடாவின் தனிப் பயிற்சி இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் தகடு மட்டும் தூக்கிக் கொடுக்கும் வேலைக்குப் போனால் கூலி அங்கேயே நின்றுவிடும். உயரத்தில் ஏற பயம் இல்லையா என்று கேளுங்கள், மற்றதைப் பழகிக்கொள்ளலாம். சனிக்கிழமை காலையில் ஒரு கூரை வேலை இருக்கிறது, பார்க்க விருப்பம் என்றால் காலணி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.