கடிதம்: வைராலஜி படிக்க ஆசை, லேப் கிடைக்கல

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். கொரோனா நேரத்துல ஸ்கூல்ல இருந்தேன், அப்போ முடிவு பண்ணினது, வைராலஜிதான்னு. எபோலா, நிபா மாதிரி வைரஸ்ல ரிசர்ச் பண்ணணும்னு ஆசை. ஆனா எங்க காலேஜ்ல வைரஸ் லேபே கிடையாது, பாக்டீரியா மட்டும்தான். பெரிய இன்ஸ்டிட்யூட் புரொஃபசர்களுக்கு நிறைய மெயில் போட்டேன், ஒருத்தரும் பதில் போடல. இப்போ ஒரு ஆன்லைன் கம்பெனி காசு கட்டினா 'வைராலஜி இன்டர்ன்ஷிப்' சர்டிஃபிகேட் தர்றோம்னு சொல்றாங்க. சேரலாமா? இல்ல மாஸ்டர்ஸ் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கறதுதான் வழியா? (பெயர் போட வேண்டாம் ப்ளீஸ்.)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

காசு விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். சேராதீங்க. ஜூம்ல ஸ்லைடு காட்டி கடைசியில பிடிஎஃப் சர்டிஃபிகேட் அனுப்பறதுக்குப் பேர் இன்டர்ன்ஷிப் இல்ல. உங்க அப்ளிகேஷனைப் படிக்கிறவங்க கேக்கப்போறது ஒண்ணுதான், கையால என்ன செஞ்சிருக்கீங்க, யார் பக்கத்துல நின்னு பாத்தாங்க. சில நல்ல லேப்லயும் பென்ச் ஃபீஸ்னு ஒண்ணு, அதாவது லேப் மேஜையில வேலை செய்யறதுக்கான கட்டணம், வாங்குவாங்க, அது வேற, அங்க நிஜமாவே பென்ச் இருக்கும், ரசீதும் இன்ஸ்டிட்யூட் பேர்ல வரும். தியரிதான் வேணும்னா கொலம்பியா யுனிவர்சிட்டியில வின்சென்ட் ரகானியெல்லோ நடத்தின முழு வைராலஜி கோர்ஸும் யூடியூப்ல இலவசமா கிடக்கு. போலியோ வைரஸோட ஜீனோமை டிஎன்ஏ காப்பியா மாத்தி செல்லுக்குள்ள விட்டா நிஜ வைரஸே வெளிய வரும்னு 1981-ல டேவிட் பால்டிமோர்ங்கற விஞ்ஞானியோட சேர்ந்து காட்டினவர் அவர். அவர் கிளாஸ் சும்மா கிடைக்கும்போது வேற யாருக்கோ எதுக்குங்க காசு?

அடுத்து எபோலா, நிபா. ஆசையைக் குறை சொல்லல, ஆனா அதெல்லாம் பயோசேஃப்டி லெவல் நாலு, அதாவது இருக்கறதுலயே உச்சபட்சப் பாதுகாப்பு, உலகத்துலயே அப்படிப்பட்ட லேப் கொஞ்சம்தான், டிகிரி படிக்கிற ஒருத்தரை உள்ள விடவே மாட்டாங்க. கொரோனா வைரஸைக் கல்ச்சர் பண்ணவே லெவல் மூணு வேணும், அங்கயும் தனி டிரெய்னிங், மெடிக்கல் செக்கப் எல்லாம் முடிச்சவங்கதான் நுழையலாம். ஆக ரெண்டாம் வருஷத்துல வைரஸோட பேரைப் பாத்து லேப் தேடினா கதவு மூடித்தான் இருக்கும். டெக்னிக்கைப் பாத்து தேடுங்க. நான் சொல்ல வந்ததே இதுதான், மீதியெல்லாம் இதுக்கு விளக்கம்.

"பாக்டீரியா மட்டும்தான்"னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாக்டீரியா இருந்தா வைரஸ் இருக்குங்க! ஃபேஜ்! பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்! 1915-ல ட்வார்ட்டும் 1917-ல டெரெல்லும் கண்டுபிடிச்ச ஃபேஜை வச்சுத்தான் மாலிக்யூலர் பயாலஜியோட பாதி அஸ்திவாரமே போட்டாங்க. ஜீன்ங்கறது புரோட்டீன் இல்ல டிஎன்ஏதான்னு 1952-ல ஹெர்ஷியும் சேஸும் காட்டினது ஃபேஜ்லதான், முதன்முதல்ல முழுசாப் படிச்ச டிஎன்ஏ ஜீனோமும் ஃபேஜோடதுதான், 1977-ல ஃப்ரெட் சாங்கர்ங்கற விஞ்ஞானியோட குழு பண்ணினது, ஐயாயிரத்து சொச்சம் எழுத்து. நோய் உண்டாக்காத ஈ.கோலை பாக்டீரியா ஸ்ட்ரெயின், அதைத் தாக்குற ஒரு ஃபேஜ், அகார் (பாக்டீரியா வளர்க்கற ஜெல்லி), ஒரு இன்குபேட்டர், இதெல்லாம் உங்க காலேஜ்ல இப்பவே இருக்கும் இல்ல சுலபமா வரவழைக்கலாம்.

இதை வச்சு பிளாக் அஸ்ஸேங்கற, வைரஸை எண்ணற முறையைக் கத்துக்கங்க. ஃபேஜை பத்துப் பத்து மடங்கா நீர்த்துக்கிட்டே போறீங்க, பாக்டீரியாவோட சாஃப்ட் அகார்ல கலந்து பிளேட்ல ஊத்தறீங்க, மறுநாள் பாத்தா பாக்டீரியா படலத்துல அங்கங்க ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வைரஸ்லேர்ந்து கிளம்பினது. பத்து லட்சம் மடங்கு நீர்த்ததுல 0.1 மில்லி ஊத்தி 45 ஓட்டை வந்தா, ஒரிஜினல்ல மில்லிக்கு 45 கோடி வைரஸ். இதே டெக்னிக்கை 1952-ல டுல்பெக்கோ மனுஷ, விலங்கு வைரஸ்களுக்கு மாத்தினார், இன்னைக்கும் டெங்கு லேபோ கொரோனா லேபோ எங்க போனாலும் இதைத்தான் பண்றாங்க, என்ன ஒண்ணு, பாக்டீரியாவுக்குப் பதிலா வீரோ மாதிரி செல் லைன் (லேப்ல வளர்க்கற விலங்கு செல்), ஒரு ராத்திரிக்குப் பதிலா பல நாள். ஃபேஜ்ல கை பழகினவங்களுக்கு அது சைக்கிள் ஓட்டினவன் பைக்குக்குப் போற மாதிரிதான். நீர்க்கும்போது பிப்பெட் டிப்பை மாத்தாம விட்டா கணக்கு எப்படிக் கோணலாகும், ஃபேஜ் சேர்க்காத கன்ட்ரோல் பிளேட் வைக்கலேன்னா ரிசல்ட்டை ஏன் யாரும் நம்ப மாட்டாங்க, இதெல்லாம் புத்தகம் படிச்சு வராது, பிளேட்டை எண்ணித்தான் வரும்.

சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. 2010-ல தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு மாணவி அழுகின கத்தரிக்காயிலேர்ந்து ஒரு ஃபேஜைப் பிரிச்சு எடுத்து 'மடி' (Muddy)ன்னு பேர் வச்சாங்க. அது பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டியில கிரஹாம் ஹாட்ஃபுல்லோட கலெக்‌ஷன்ல போய்ச் சேர்ந்துச்சு. சில வருஷம் கழிச்சு லண்டன்ல நுரையீரல் மாத்தின 15 வயசுப் பொண்ணுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேக்காத மைக்கோபாக்டீரியா இன்ஃபெக்‌ஷன், அந்தக் கலெக்‌ஷன்ல தேடி எடுத்த மூணு ஃபேஜைக் கலந்து கொடுத்தாங்க, அதுல ஒண்ணு மடி. அந்தப் பொண்ணோட உடம்பு தேறுச்சு, அது 2019-ல பேப்பரா வந்துச்சு. இந்தக் கலெக்‌ஷன்ல பெரும்பங்கு சீ-ஃபேஜஸ்ங்கற புரோகிராம்ல முதல் வருஷ, ரெண்டாம் வருஷப் பசங்க மண்ணுலேர்ந்து தேடி எடுத்தது. அந்தப் புரோகிராம் 2008-லேர்ந்து ஓடுது, உங்க காலேஜ் அதுல இல்லேன்னாலும் பரவாயில்ல, மண்ணுலேர்ந்து ஃபேஜ் எடுக்கற முறை எல்லாம் பப்ளிக்காவே இருக்கு. ஒரு ஆசிரியரைப் பிடிங்க, காலேஜ் லேப்ல, அவங்க மேற்பார்வையில பண்ணுங்க, வீட்டுல வேண்டாம்.

இன்னொரு வாசல், யாரும் எட்டிக்கூடப் பாக்காதது, செடி வைரஸ். வைராலஜியே புகையிலையில பொறந்ததுதான், 1892-ல இவானோவ்ஸ்கி, 1898-ல பெய்யரிங்க். நமக்குத் தொத்தாது, அதனால மாணவர்களை உள்ள விடறதுல பயம் கம்மி, போட்டியும் கம்மி. விவசாய யுனிவர்சிட்டிகள்ல பிளான்ட் பேத்தாலஜி டிபார்ட்மென்ட்ல கேளுங்க. ஆர்என்ஏ எடுக்கறது, பிசிஆர், எலைசா, ஜெல் ஓட்டறதுன்னு அங்க கத்துக்கறது எல்லாமே மனுஷ வைரஸ் லேப்லயும் அப்படியே செல்லும்.

லேப்பே அமையலேன்னா கம்ப்யூட்டர். ஜென்பேங்க்ங்கற டேட்டாபேஸ்ல உலகம் முழுக்க இருந்து பப்ளிக்கா போட்ட ஜீன் சீக்வென்ஸ் ஏராளமா இலவசமா இருக்கு. இன்ஃப்ளுயன்சாவோட ஹெச்ஏ ஜீனை (வைரஸ் செல்லுல ஒட்டிக்கற புரோட்டீனோட ஜீன்) நூறு இருநூறு இறக்கி, மாஃப்ட்ங்கற சாஃப்ட்வேர்ல ஒண்ணோட ஒண்ணு அலைன் பண்ணி, ஐக்யூ-ட்ரீங்கற சாஃப்ட்வேர்ல வம்சாவளி மரம் போட்டு, எந்த வருஷத்து வைரஸ் எந்தக் கிளையில உக்காருதுன்னு பாருங்க, சொந்தமா ஒரு கேள்வி தானா வரும். இது ஆறுதல் பரிசுன்னு நினைச்சிடாதீங்க. 2022-ல செரட்டஸ்ங்கற திட்டத்துல, வேற யார் யாரோ வேற எதுக்கோ சீக்வென்ஸ் பண்ணிப் பப்ளிக்கா போட்டிருந்த டேட்டாவைத் துழாவியே ஒரு லட்சத்துக்கு மேல புது ஆர்என்ஏ வைரஸ் கண்டுபிடிச்சாங்க, ஒரு சாம்பிள்கூட புதுசா எடுக்கல.

இனி அந்த மெயில். நீங்க இணைச்சிருந்ததைப் படிச்சேன். "சின்ன வயசுலேர்ந்து வைராலஜி மேல தீராத ஆர்வம், உங்க மதிப்புமிக்க லேப்ல ஒரு வாய்ப்பு" – இதே மெயிலைப் பேரை மட்டும் மாத்தி எல்லாருக்கும் அனுப்பியிருக்கீங்க, ரெண்டு இடத்துல எழுத்து சைஸ் மாறியிருக்கு, காப்பி பேஸ்ட்னு உடனே தெரியுது. அவங்களோட ஒரு பேப்பரை நிஜமாவே படிங்க, அதுல ஒரு படம், அதைப் பத்தி உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வி, அப்புறம் உங்களால என்ன முடியும் ("பிளாக் அஸ்ஸே தனியா பண்ணுவேன், சீரியல் டைல்யூஷன் கணக்கு வரும்"), எந்த மாசம் எத்தனை வாரம் ஃப்ரீ, பத்து வரி போதும். புரொஃபசருக்கு மட்டும் அனுப்பாம அந்த பேப்பரோட முதல் ஆத்தருக்கும் எழுதுங்க. அது பெரும்பாலும் பிஹெச்டி பண்ற ஒருத்தராத்தான் இருக்கும், அவங்களுக்குக் கை உதவி வேணும், அவங்க சொன்னா புரொஃபசர் கேப்பார். பதில் வரலேன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை நினைவுபடுத்துங்க, அதோட விடுங்க.

காசு கொடுத்துக் கூப்பிடற சம்மர் புரோகிராம்களும் இருக்கு. வியன்னா பயோசென்டர் சம்மர் ஸ்கூல், ஜப்பான்ல ஓகினாவா ஓஐஎஸ்டி இன்டர்ன்ஷிப் ரெண்டுலயும் எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். சம்மர் புரோகிராம் பலதும் ஜனவரி, பிப்ரவரியிலயே மூடிடும், ஏப்ரல்ல தேடினா ஒண்ணும் இருக்காது. இதுக்கெல்லாம் ரெக்கமண்டேஷன் லெட்டர் கேப்பாங்க, அதை எழுதப்போறது உங்க காலேஜ் ஆசிரியர்தான், அவங்க "நல்ல பொண்ணு, ஒழுங்கா வருவா"ன்னு எழுதறதுக்கும் "இவளாவே ஒரு ஃபேஜைப் பிரிச்சு டைட்டர் (மில்லிக்கு எத்தனை வைரஸ்ங்கற கணக்கு) எடுத்தா, மூணு தடவை ரிசல்ட் வராதப்போ நோட்புக்கைப் பாத்து ஹோஸ்ட் பாக்டீரியா கல்ச்சர் பழசாயிடுச்சுன்னு கண்டுபிடிச்சா"ன்னு எழுதறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. ஃபேஜ் வேலையை இந்த வருஷமே ஆரம்பிக்கச் சொல்றது அதுக்காகவும்தான்.

எட்டு வாரத்துல பேப்பர் வந்துடும்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. எட்டு வாரத்துல ஒரு ஃபேஜைப் பிரிச்சு, சுத்தப்படுத்தி, டைட்டர் எடுத்து, எல்லிஸும் டெல்ப்ரூக்கும் 1939-ல பண்ணின ஒன்-ஸ்டெப் குரோத் கர்வை (பாக்டீரியாவுக்குள்ள போன ஃபேஜ் எவ்வளவு நேரத்துல எத்தனையாப் பெருகி வெளிய வருதுன்னு காட்டற கிராஃப்) நீங்களும் ஒரு தடவை ஒழுங்காப் போட்டா அதுவே பெரிசு.

மாஸ்டர்ஸ் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணுமான்னு கேட்டீங்க, வேண்டாம். ஆனா மாஸ்டர்ஸுக்கு எங்க சேரறதுங்கறதை மூணாம் வருஷத்துல முடிவு பண்ணுங்க, அப்போ உங்களுக்கு பென்ச் பிடிக்குதா கம்ப்யூட்டர் பிடிக்குதான்னு தெரிஞ்சிருக்கும். மெயிலோட ரெண்டாவது டிராஃப்டை எழுதி அனுப்புங்க, பாத்துத் திருத்தித் தர்றேன், எந்தப் பேப்பரை எடுத்தீங்கன்னும் சேர்த்து எழுதுங்க.

அன்புடன்,
அக்கா