'ரிக்யூ' என்ற ஜப்பானியப் படத்தில், தேநீர்ச் சடங்கின் குருவான ரிக்யூவைக் கண்டு ஆட்சியாளர் ஹிதெயோஷி ஏன் இவ்வளவு எரிச்சல்படுகிறார்?

எரிச்சல் என்பதைவிடப் பொறாமை கலந்த மரியாதை என்பேன். 1989இல் படத்தை எடுத்த ஹிரோஷி தெஷிகஹாரா, இகெபானா எனும் ஜப்பானிய மலர் அலங்காரக் கலையின் பள்ளி ஒன்றுக்குத் தலைவராகவும் இருந்தவர். தொடக்கத்திலேயே அது தெரிந்துவிடும்: தோட்டத்துக் கொடிப்பூக்களை எல்லாம் அகற்றிவிட்டு, தேநீர் அறையில் ஒரே ஒரு பூவை மட்டும் வைத்திருப்பார் ரிக்யூ.

ஹிதெயோஷியோ தங்கத்தால் தேநீர் அறை செய்துகொண்டவர். எளிய குடும்பத்தில் பிறந்து ஜப்பானையே கைக்குள் கொண்டுவந்த மனிதர். அவரிடம் போய், கறுப்பு மண்கிண்ணமே மேல் என்று ஒருவர் வாய் திறக்காமலே உணர்த்தினால்? அதுவும் ரிக்யூவின் தேநீர் அறைக்கு, வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து நுழைய வேண்டிய சின்ன வாசல் வேறு!

சரி, மரணத்துக்குக் காரணம் அதுதானா? வரலாற்றில், கோயில் வாயிலில் வைத்த ரிக்யூவின் மரச்சிலை ஹிதெயோஷிக்குக் கோபமூட்டியது என்றும் சொல்வார்கள். எதுவானாலும், 1591இல் வயிற்றைக் கிழித்துச் சாகும்படி ரிக்யூவுக்கு ஹிதெயோஷியின் உத்தரவு வந்தது.